அரசு சேவை மேலா, தனியார் சேவை மேலா? எங்கள் ஊர்க் கடைசி பஸ்ஸைக் கேளுங்கள்

இந்தக் கேள்விக்கு எனக்கு பஸ்ஸை வைத்துத்தான் பதில் சொல்ல வரும். புதுக்கோட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற கிராமம் எங்களுடையது. பள்ளி, கல்லூரி எல்லாம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே முடித்தவன்.

முதலில் தனியாருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். டி.வி.எஸ். 1912-ல் பஸ் விட ஆரம்பித்ததே தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில்தான். மதுரைப் பக்கம் அந்த பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்வார்கள் என்று தாத்தா சொல்வார். 1972-ல் அரசு பாண்டியன், சேரன், சோழன் என்று போக்குவரத்துக் கழகங்களை ஆரம்பித்ததில் அவருக்குத் துளியும் சம்மதமில்லை. அரசு பஸ்ஸுக்குள் குடை பிடித்து உட்கார்ந்த மழைக்காலம் எனக்கும் உண்டு. அதனால் தாத்தாவோடு சண்டை போட முடியவில்லை.

சரி, எங்கள் வழியில் ஒரு தனியார் பஸ்ஸும் ஓடியது. காலை எட்டு மணிக்குப் பாட்டும் ஹாரனுமாகப் பறந்து வரும். வசூலைப் பொறுத்து பேட்டா என்பதால், கை காட்டிய இடத்திலெல்லாம் நிறுத்தி ஏற்றுவார்கள். ராத்திரிக் கடைசி நடைக்கு ஏழெட்டுப் பேர்தான் என்றால் மட்டும் வண்டி பஸ் ஸ்டாண்டை விட்டு நகராது. ஊர்க்காரர்கள் போய்க் கேட்டதற்கு, "டீசல் காசுகூட வரலையே, நான் என்ன செய்ய?" என்றாராம் ஓனர். அவர் மேல் தப்பில்லை. அவர் நடத்துவது வியாபாரம்.

அரசு பஸ் மட்டும் யோக்கியமா? ஆள் இல்லை என்று அதே கடைசி நடையை இரண்டு மாதம் வெட்டினார்கள். ஆனால் அதற்கு நாங்கள் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு போக முடிந்தது. அடுத்தடுத்து மூன்று திங்கள் போனோம். நான்காவது வாரம் பஸ் வந்தது. ராத்திரி ஊரிலேயே நைட் ஹால்ட் போட்டு, விடிகாலையில் பூக்கூடைகளையும் காய்கறி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிற பஸ் அது. அது இல்லாத இரண்டு மாதமும் பூக்காரம்மா ஆட்டோவுக்கே சம்பாதித்தார்.

எல்லாவற்றையும் அரசே நடத்தட்டும் என்று சொல்ல மாட்டேன். ஒரு போன் கனெக்‌ஷனுக்கு அப்பா வருடக்கணக்கில் காத்திருந்தார். இன்று பெட்டிக்கடையில் சிம் கிடைக்கிறது. நாலு பேர் போட்டி போட லாபம் இருக்கிற இடத்தில் தனியார் வரட்டும். ஏழெட்டுப் பேருக்காகவும் வண்டி எடுத்தே ஆக வேண்டிய இடத்தில் அரசுதான் இருக்க வேண்டும்.

அப்புறம், 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அந்தப் பணத்தைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசே ஈடுகட்டுகிறது. தனியார் பஸ் வந்து ஹாரன் அடித்தாலும் அம்மா இப்போது ஏறுவதில்லை. "நம்ம பஸ் வரட்டும்டா" என்று நிழலில் உட்கார்ந்துவிடுகிறார். அது லேட்டாகத்தான் வருகிறது.