ஒரிஜினல் இசைத்தட்டைத் தேடி அலைய வேண்டுமா, மறுபதிப்பே போதுமா?

கேள்வி: "புதிதாக ரெக்கார்டு பிளேயர் வாங்கியிருக்கிறேன். பழைய ஒரிஜினல் தட்டுகளைத் தேடிப் போவதா, இப்போது வரும் 180 கிராம் மறுபதிப்புகளை வாங்குவதா? எது நன்றாகக் கேட்கும்?"

பதினைந்து வருடமாகத் தட்டு சேர்க்கிறேன். முதல் சில வருடங்கள் ஒரிஜினல் தவிர எதையும் தொடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். அந்தப் பிடிவாதத்தைக் கலைத்தது என் வயலின்.

அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959இல் வந்த தட்டு. அதன் பழைய அமெரிக்கப் பதிப்பு ஒன்று நண்பரிடம் இருந்தது. கூடவே வாசித்துப் பார்க்கலாம் என்று முதல் பக்கத்துக்குச் சுருதி சேர்த்தேன். தட்டைத் திருப்பிப் போட்டதும் சுருதி விலகிவிட்டது. பிளேயரில்தான் கோளாறு என்று பெல்ட்டைக்கூட மாற்றினோம். காரணம் பிறகுதான் தெரிந்தது. மார்ச் 2 அன்று, முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளையும் பதிந்த டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அப்படிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிவிடும். ஏப்ரலில் பதிவான இரண்டாம் பக்கத்தில் அந்தப் பிழை இல்லை. நல்லவேளையாக, மார்ச்சிலும் காப்புக்காக இன்னொரு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வேகம் சரியாக இருந்தது. அந்த டேப்பை எடுத்து 1992இல் மறுபதிப்புச் செய்தபோதுதான் அவர்கள் வாசித்த சுருதியிலேயே முதல் பக்கம் வெளியே வந்தது. இந்த ஒரு தட்டைப் பொறுத்தவரை, காசு மிச்சமாகிறது என்பதற்காக இல்லை, இசைக்காகவே நான் மறுபதிப்பைச் சொல்வேன்.

அன்றிலிருந்து நான் கேட்பது ஒன்றுதான்: எந்த டேப்பிலிருந்து, யார் வெட்டிய (அதாவது டேப்பில் உள்ள ஒலியைப் பள்ளமாகச் செதுக்கிய) தட்டு?

அதே கேள்வி சில இடங்களில் ஒரிஜினல் பக்கமே சாயும். ஐம்பதுகள், அறுபதுகளில் ப்ளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ரூடி வான் கெல்டர் தானே ஒலிப்பதிவு செய்து, தட்டுக்கான மூலத்தையும் தானே வெட்டினார். டேப் அப்போது புத்தம் புதிது. லேபிளைச் சுற்றியுள்ள வழுவழுப்பான வளையத்தில் அவர் பெயரோ, பெயரின் முதலெழுத்துகளோ இருக்கும். கூடவே காது போல ஒரு சின்னக் குறி இருந்தால், 1966 வரை ப்ளூ நோட்டுக்குத் தட்டு அச்சிட்ட பழைய ஆலையில் வந்தது என்று அர்த்தம். அவை எனக்குக் கட்டுப்படியாகாத விலை. 2019இல் ப்ளூ நோட் தொடங்கிய 'டோன் பொயட்' மறுபதிப்பு வரிசையில், மூல டேப்பிலிருந்து கெவின் கிரே வெட்டும் மறுபதிப்புகளைத்தான் வைத்திருக்கிறேன். மனநிறைவோடுதான் கேட்கிறேன்.

180 கிராம் என்ற எடையை நம்பி வாங்காதீர்கள். தட்டு கனமாக இருப்பதால் பள்ளத்தில் பதிந்த ஒலி மாறாது. அட்டையில் மூலம் எது என்ற தகவலே இல்லையென்றால், சிடிக்குத் தயாரித்த கோப்பையே தட்டில் ஏற்றியிருக்கவும் கூடும்.

இனி தமிழ்த் தட்டுகள். இங்கே கணக்கே வேறு. பழைய சினிமாப் பாட்டுத் தட்டுகளில் நிறைய, வீடுகளில் இருந்தவை அல்ல. மைக் செட் காரர்களிடம் இருந்தவை. லேபிளில் சவுண்ட் சர்வீஸ் முத்திரை குத்தியிருக்கும், பேனாவால் வரிசை எண் எழுதியிருக்கும். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று ஊர் ஊராகப் போய், கனமான முள்ளுக்கு அடியில் நூற்றுக்கணக்கான தடவை சுற்றிய தட்டுகள் அவை. அவற்றைக் கையில் எடுக்கும்போது எனக்கு மரியாதைதான் வரும். ஆனால் கேட்பதற்கு? கீறல் இருந்தால் டிக் டிக்கென்று சத்தம் வந்து போய்விடும், பொறுத்துக்கொள்ளலாம். பள்ளம் தேய்ந்திருந்தால் உச்சத்தில் சுசீலா அம்மாவின் குரலே கிழிந்து வரும். எத்தனை முறை கழுவினாலும் அது சரியாகாது. அப்படித் தேய்ந்த ஒரிஜினலைவிட, சுமாரான மறுபதிப்பே மேல்.

எண்பதுகளில் எக்கோ நிறுவனம் வெளியிட்ட இளையராஜா தட்டுகளைத் தேடினால் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. அந்தக் காலத்தில் மைக் செட்டும் கேசட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது. அதனால் அதிகம் தேயாத தட்டுகள் என் கைக்கே பல கிடைத்திருக்கின்றன. இந்த வரிசைக்கு மட்டும் முதலில் ஒரிஜினலைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் மறுபதிப்புக்குப் போங்கள்.

விலையை வைத்து ஒலியை எடைபோடவும் வேண்டாம். பல நாடுகள் 78 வேகத் தட்டுகளை (நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய தட்டுகள்) மறந்த பிறகும், கல்கத்தாவின் டம்டம் ஆலையில் அறுபதுகளில் பீட்டில்ஸ் பாட்டுகளை 78 ஆக அச்சிட்டார்கள். அவற்றுக்கு இன்று கிடைக்கும் விலை அரிதாக இருப்பதற்கான விலை. (அரக்கில் செய்த 78 தட்டு கையில் கிடைத்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும்.)

கடைக்குப் போகும்போது ஒரு டார்ச் எடுத்துப் போங்கள். தட்டைச் சாய்த்து ஒளி அடித்தால், தேய்ந்த பள்ளம் மினுமினுப்பு இழந்து சாம்பல் பூத்தது போலத் தெரியும். கடைக்காரர் போட்டுக் காட்டச் சம்மதித்தால், முதல் பாட்டைக் கேட்காதீர்கள். லேபிளை ஒட்டிய கடைசிப் பாட்டை வைக்கச் சொல்லுங்கள். அங்கே பள்ளத்தின் வட்டம் சிறியது, தேய்மானம் முதலில் அங்கேதான் காதில் விழும்.