முதல் கடல் கயாக்: எந்தப் படகு வரைபடத்தை எடுப்பது?

கேள்வி: ஐயா, மலேசியாவில் ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். தச்சு வேலை தெரியும். தெலுக் பாத்திக் கடற்கரையில் வாடகைக் கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய படகு) சில முறை ஓட்டியிருக்கிறேன். எடை 74 கிலோ. சொந்தமாக ஒரு கடல் கயாக் செய்ய ஆசை. எனக்குப் பிடித்தது கிரீன்லாந்து பாணியில் 17 அடிக்கு மேல் நீளம், 21 அங்குல அகலம் உள்ள ஒரு வரைபடம். நண்பர்களோ தட்டை அடியுள்ள 12 அடிப் படகே போதும் என்கிறார்கள். எதைச் செய்யலாம்?

பதில்: தம்பி, இரண்டும் வேண்டாம். 15 முதல் 16 அடி நீளம், 23 அல்லது 24 அங்குல அகலம், அடிப்பாகம் லேசான 'வி' வடிவம். உங்களுக்கு ஏற்றது இதுதான்.

நீளமான படகு வேகமானது என்பது உண்மை, ஆனால் அந்த வேகத்தைத் தோள் கொடுக்க வேண்டும். 16 அடிப் படகு ஏறக்குறைய மணிக்கு 9 கிலோமீட்டர் வரை அதிகம் முரண்டு பிடிக்காமல் போகும். புதிதாகத் துடுப்புப் போடுபவர் நிதானமாகப் போவது 5, 6 கிலோமீட்டர்தான். அந்த வேகத்தில் கூடுதல் நீளம் தண்ணீரோடு உரசும் பரப்பைத்தான் கூட்டும்.

அகலம் பற்றி இன்னும் கவனமாக யோசியுங்கள். தட்டை அடியுள்ள படகு குளத்தில் மேசை மாதிரி நிற்கும். அலை வந்ததும் அலையின் சரிவோடு சேர்ந்து தானும் சரியும், உங்களையும் சாய்க்கும். 'வி' அடியுள்ள படகு ஏறி உட்கார்ந்ததும் சற்று ஆடும், பயமாக இருக்கும். ஆனால் ஓரளவு சாய்ந்தபின் பக்கவாட்டு விளிம்பு தண்ணீரில் இறங்கித் தாங்கிக்கொள்ளும். லுமுட்டுக்கும் பங்கோர் தீவுக்கும் இடையில் பெர்ரி கிளப்பும் அலை பக்கவாட்டில் வரும்போது இந்தத் தாங்கல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 21 அங்குலப் படகிலும் அது இருக்கும். ஆனால் அதை நம்பிச் சாய இடுப்பு பழகியிருக்க வேண்டும், உங்களுக்கு இன்னும் அந்தப் பழக்கம் வரவில்லை.

இதைவிட நான் பெரிதாகப் பார்ப்பது, கவிழ்ந்தால் திரும்ப ஏற முடியுமா என்பதை. வரைபடத்தில் முன்னும் பின்னும் தண்ணீர் புகாத தடுப்புச் சுவர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நடுக்கடலில் படகு முழுக்கத் தண்ணீரை வாங்கிக்கொள்ளும். அந்தத் தண்ணீரை யாரும் தனியாக வெளியேற்ற முடியாது. உட்காரும் இடத்தின் திறப்பு 30 அங்குல நீளத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், கால் நீட்டியபடியே நுழைய வரும். மேல்தளத்தின் இரு பக்கமும் பிடிக்கக் கயிறு வேண்டும். இந்த மூன்றில் எது இல்லாத வரைபடத்தையும், எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒதுக்கிவிடுங்கள்.

இதற்கு நெருக்கமாக ஒரு வரைபடம் சொல்ல வேண்டுமென்றால், அமெரிக்காவின் செசபீக் லைட் கிராஃப்ட் விற்கும் செசபீக் 16. நீளம் 16 அடிக்குச் சற்றுக் குறைவு. ப்ளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, எபாக்ஸி என்ற பசையில் ஒட்டுகிற முறை. மெல்லிய மரப்பட்டிகளை ஒவ்வொன்றாக ஒட்டிச் செய்யும் முறையில் படகு கண்ணைப் பறிக்கும், ஆனால் அதற்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும். முதல் படகுக்குத் தையல் முறை போதும்.

நம் ஊரில் இந்த நீளத்துக்கு இன்னொரு சௌகரியம் இருக்கிறது. ப்ளைவுட் 8 அடியில்தான் வருகிறது. 4 மில்லிமீட்டர் பலகையின் ஓரத்தை 32 மில்லிமீட்டர் சரிவாக இழைத்து ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினால், இரண்டு பலகையில் 16 அடிக்குக் கொஞ்சம் குறைய நீளம் கிடைக்கும். 17 அடி என்றால் ஒவ்வொரு பட்டைக்கும் இன்னொரு இணைப்புப் போட வேண்டும்.

கடையில் 'மரைன்' (படகுக்கான ப்ளைவுட்) என்று சொல்லித் தருவதையெல்லாம் நம்ப வேண்டாம். ஒரு சின்னத் துண்டை வெட்டி வாங்கி, ஒரு மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுங்கள். அடுக்கு விரிந்தால் அந்தப் பலகை வேண்டாம். விரியாவிட்டால் வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடு அடுக்கில் ஓட்டை தெரிந்தால் அதுவும் ஆகாது, வளைக்கும்போது அங்கேதான் முறியும். மெராந்திப் பலகை கிடைக்கும், ஆனால் ஒக்கூமே என்ற லேசான மரத்தின் ப்ளைவுட்டைவிட எடை. முடிந்த படகு 20 கிலோவைத் தாண்டலாம், காருக்கு மேலே ஏற்ற ஓர் ஆள் கூட வேண்டும்.

மீன்பிடிப் படகுக்குப் பயன்படும் பாலியெஸ்டர் பசை மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்காதீர்கள். அது ப்ளைவுட்டைச் சரியாகப் பிடிக்காது, பின்னாளில் உரிந்து வரும். எபாக்ஸிதான். அதிலும் மெதுவாக இறுகும் ரகம். நம் வெயிலில் டப்பாவில் நிறையக் கலந்து வைத்தால் சூடேறிப் புகைந்து கட்டியாகிவிடும். கொஞ்சமாகக் கலந்து, உடனே தட்டையான தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். மழைநாளில் இறுகிய எபாக்ஸிமேல் மெழுகு மாதிரி ஒரு பிசுபிசுப்பு படியலாம். அடுத்த பூச்சுக்கு முன் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போட்டுக் கழுவுங்கள். கடைசியில் வெயில் தாங்கும் வார்னிஷ், இல்லையென்றால் பெயின்ட். எபாக்ஸி வெயிலில் கெட்டுப்போகும்.

ஒரு பலகைகூட வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். வரைபடத்தின் உட்காரும் பகுதியை மட்டும் அட்டைப்பெட்டியில் முழு அளவில் வெட்டி, அதற்குள் உட்காருங்கள். முட்டி மேல்தளத்தின் அடியில் அழுந்த வேண்டும். தொடை இரண்டு பக்கமும் தொட வேண்டும். கால் மரத்துப் போகும்வரை உட்கார்ந்து பாருங்கள். அப்புறம்தான் பலகையும் எபாக்ஸியும்.