பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஹீட்டர் போட்டும் சில்லென்ற காற்றே வருவது ஏன்?

ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டர். இன்ஜினில் சூடான கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அதற்குள் ஓடும். ஃபேன் காற்று அதன்மேல் பட்டுச் சூடாகி உள்ளே வரும்.

கோவை, ஈரோடு வெயிலில் ஹீட்டரை யார் போடுகிறார்கள்? கோருக்குள் கூலன்டைத் திறந்துவிடும் வால்வு, ஆண்டுக்கணக்கில் திருப்பாமல் இருந்தால் இறுகிவிடும். கூலன்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீர் ஊற்றியிருந்தால், தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைப்பதுபோல கோரும் அடைத்துக்கொள்ளும். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறும்போதுதான் தெரியவரும்.

ஹீட்டரை முழுதாகத் திருப்பி வண்டியைச் சூடாக்குங்கள். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, கோருக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸையும் பட்டும் படாமலும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடென்றால் பெரும்பாலும் அடைப்பு அல்லது வால்வு. இரண்டும் சூடென்றால் காற்றைத் திருப்பிவிடும் தகட்டைச் சந்தேகப்படலாம்.

அப்புறம், ஏசி கேஸ் நிரப்பினால் ஹீட்டரும் சரியாகும் என்பார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.