சிறிய காரால் இழுக்கக்கூடிய எடை குறைந்த பயண டிரெய்லரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வணக்கம். உங்களிடம் 2018ஆம் ஆண்டு சுபாரு அவுட்பேக் 2.5 இருக்கிறது, நீங்கள், மனைவி, மகள் என மூன்று பேர் கலிபோர்னியாவிலிருந்து கோடையில் சியரா மலைப் பக்கம் முகாமிடப் போக விரும்புகிறீர்கள், கார் 2,700 பவுண்டு இழுக்கும் என்பதால், வெற்று எடை 2,400 பவுண்டு உள்ள டிரெய்லரைத் தாராளமாக வாங்கலாம் என்று விற்பனையாளர் சொல்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். இதே தலைமுறை அவுட்பேக்கில் 13 அடி ஃபைபர்கிளாஸ் டிரெய்லர் ஒன்றை இழுத்துக்கொண்டு போகிறவன் நான். சாமான்கள், தண்ணீர், எரிவாயு எல்லாம் ஏற்றிய பிறகும் 2,000 பவுண்டைத் தாண்டாத டிரெய்லரை மட்டும் தேடுங்கள்.

உங்கள் காரின் கையேட்டில் 2,700 என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே 200 பவுண்டு என்று இன்னொரு எண் இருக்கும். அது டங் வெயிட், அதாவது டிரெய்லரின் மூக்கு ஹிட்ச் (காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இரும்பு இணைப்பு) பந்தின் மீது அழுத்தக்கூடிய அதிகபட்ச எடை. டிரெய்லர் சாலையில் வாலாட்டாமல் நேராக ஓட வேண்டுமானால், அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை ஹிட்ச் மீது இறங்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பொதுவாகப் பின்பற்றப்படும் விதி. 200 பவுண்டு என்பது 10 சதவீதமாக இருக்க வேண்டுமானால் டிரெய்லர் 2,000 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. 2,700 பவுண்டு டிரெய்லரை அந்த 200க்குள் அடக்கினால் விகிதம் ஏழரை சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் என்ன ஆகும் என்று நம் ஊரில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். நெடுஞ்சாலை வேகத்தில், பக்கத்தில் ஒரு பெரிய லாரி கடக்கும்போது, அதே பின்பாரம் காரையே ஆட்டிவிடும். ஐரோப்பாவில் இதைவிடக் குறைந்த விகிதத்தில் ஓட்டுகிறார்களே என்று யாராவது சொல்லக்கூடும். உண்மைதான், ஆனால் ஜெர்மனியில் டிரெய்லருடன் போகும் காருக்கு மணிக்கு 80 கிலோமீட்டர், தனி அனுமதி பெற்றால் 100 என்பதுதான் எல்லை.

2020இல் வந்த அடுத்த தலைமுறை அவுட்பேக்கில் இந்த 200 என்பது 270 ஆக உயர்ந்தது. ஆகவே அவுட்பேக்கில் பெரிய டிரெய்லர் இழுப்பதாக யாராவது சொன்னால், எந்த ஆண்டுக் கார் என்று முதலில் கேளுங்கள். வெளிக் கடையில் வாங்கும் ஹிட்ச் மீது 3,500 பவுண்டு என்று பொறித்திருப்பதும் உங்களுக்கு உதவாது. அது அந்த இரும்பு தாங்கும் எடையே தவிர, உங்கள் கார் தாங்கும் எடை அல்ல. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில், பயணிகளும் சுமையும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கும். மூன்று பேர், பின்பக்கச் சாமான், ஹிட்ச், அதன் மேல் இறங்கும் 200 பவுண்டு எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான் வர வேண்டும்.

அடுத்து, விற்பனையாளர் சொல்லும் வெற்று எடை. அந்த எண்ணில் நீங்கள் பயணத்துக்கு எடுத்துச் செல்லும் எதுவும் கிடையாது. ஒரு பேட்டரி சுமார் 50 பவுண்டு. நிரப்பிய 20 பவுண்டு புரொபேன் சிலிண்டர் இரும்புடன் சேர்ந்து 37 பவுண்டு. தண்ணீர் ஒரு காலன் 8.3 பவுண்டு என்பதால் 12 காலன் தொட்டி நிரம்பினால் 100 பவுண்டு. படுக்கை, பாத்திரம், அரிசி பருப்பு, நாற்காலி, கருவிகள் என்று சேர்த்தால் மூன்று பேருக்கு இன்னொரு 300 பவுண்டு எளிதில் வரும். ஆக வெற்று எடையோடு 500 பவுண்டைக் கூட்டிப் பார்ப்பதுதான் நியாயமான கணக்கு. உங்களுக்குக் காட்டப்பட்ட டிரெய்லர் சாலையில் 2,900 பவுண்டு இருக்கும். நீங்கள் தேட வேண்டியது வெற்று எடை 1,500 பவுண்டை ஒட்டிய ஒன்றை.

எடையோடு உருவமும் முக்கியம். ஏழடி அகலமும் ஏழடி உயரமும் கொண்ட தட்டையான முகப்பு கிட்டத்தட்ட 50 சதுர அடி. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், சமதளத்தில்கூட என்ஜின் பாடுபடுவது எடையால் அல்ல, அந்தப் பெட்டி வடிவத்தால்தான். உங்கள் என்ஜின் கடல் மட்டத்தில் 175 குதிரைத்திறன் தருவது. டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீதத் திறனை இழக்கும் என்பதால், சியராவில் 9,943 அடி உயரமுள்ள டியோகா கணவாயை நெருங்கும்போது அதில் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும். கையேட்டில் பலர் படிக்காமல் விடும் இன்னொரு வரியும் உண்டு: வெப்பம் 104 டிகிரி பாரன்ஹீட்டைத் தொடும் நாளில், 5 மைலுக்கு மேல் தொடர்ந்து ஏற வேண்டியிருந்தால், இழுக்கும் எல்லை பாதியாக, 1,350 பவுண்டாகக் குறைகிறது. ஆகஸ்ட் மாதப் பிற்பகலில் சியரா அடிவாரம் அந்த வெப்பத்தைத் தொடுவது அபூர்வம் அல்ல. யோசெமிட்டிக்கு 120ஆம் சாலையில் போவதானால் பிரீஸ்ட் கிரேடு ஏற்றத்தை விடியற்காலையில் கடந்துவிடுங்கள். அங்கே செங்குத்தான பழைய பாதையைத் தவிர்த்து, வளைந்து வளைந்து ஏறும் புதிய பாதையில் போங்கள்.

இந்த எல்லைக்குள் என்னென்ன கிடைக்கும்? நூகேம்ப் நிறுவனத்தின் டேக் போன்ற கண்ணீர்த்துளி வடிவ டிரெய்லர்கள் எடையிலும் காற்றிலும் உங்கள் காருக்கு மிகவும் ஏற்றவை; ஆனால் உள்ளே நிற்க முடியாது, இரண்டு பேருக்குத்தான் படுக்கை, மகளுக்குத் தனிக் கூடாரம் போட வேண்டும். அடுக்களை பின்புறக் கதவுக்கு வெளியே இருப்பதைப் பலர் குறை என்பார்கள்; தாளிக்கிற நமக்கு அது நிறைதான், மெத்தையில் பெருங்காய வாசனை ஏறாது. அலைனர் நிறுவனத்தின் சிறிய மாதிரிகள் மடித்தால் தாழ்வாகிவிடுவதால் காற்று எதிர்ப்பு குறைவு. நிறுத்திய இடத்தில் சில நிமிடங்களில் கூரை வடிவில் விரியும். மழையில் விரிப்பதும் மடிப்பதும் மட்டும் சற்று எரிச்சல். மூன்றாவது, மினசோட்டாவில் 1970களின் தொடக்கத்திலிருந்து தயாராகும் ஸ்கேம்ப் 13. வட்டமான முனைகள் கொண்ட ஃபைபர்கிளாஸ் ஓடு, பின்புறம் பெற்றோருக்குப் படுக்கை, முன்புறம் மகளுக்கு அடுக்குப் படுக்கையாக மாறும் இருக்கை. மூன்று பேருக்கு என் தேர்வு இதுதான். கழிப்பறை இல்லாத மாதிரியை எடுங்கள், அந்தச் சிறு அறையும் அதன் தொட்டிகளும் கூட்டும் எடை உங்கள் 200 பவுண்டுக் கணக்கில் இடிக்கும். நூகேம்பின் டேப் 320 அழகானது, ஆனால் வெற்று எடையே 1,900 பவுண்டை ஒட்டியது. உங்கள் காருக்கு அது ஒத்துவராது.

ஸ்கேம்ப் போன்றவை பழையதாக நிறையக் கிடைக்கும், விலை மட்டும் அவ்வளவாக இறங்காது. பார்க்கப் போகும்போது இருக்கை மூடியைத் தூக்கி உள்ளே முகர்ந்து பாருங்கள். ஈர வாடை இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஓடு ஃபைபர்கிளாஸ் என்றாலும் தரை மரப்பலகைதான். மூலைகளிலும் கதவருகிலும் குதிகாலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு: 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் ஆறு வயதைத் தாண்டிய டயரை மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

பிரேக் விஷயத்தில் பேரம் வேண்டாம். கலிபோர்னியாவில் 1,500 பவுண்டு அல்லது அதற்கு மேல் மொத்த எடையுள்ள முகாம் டிரெய்லருக்குப் பிரேக் இருந்தாக வேண்டும். சுபாருவோ 1,000 பவுண்டுக்கு மேலேயே அதைக் கேட்கிறது. டிரெய்லரில் மின்சாரப் பிரேக் இருந்தால் காரில் கட்டுப்பாட்டுக் கருவியும் 7 முனை இணைப்பும் பொருத்த வேண்டும். வழக்கமான 4 முனை இணைப்பு விளக்குகளுக்கு மட்டுமே. டிரெய்லருடன் போகும்போது இந்த மாநிலத்தில் வேக எல்லை 55 மைல் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரின் வண்டியிலேயே டிரெய்லரை மாட்டி, லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடை மேடைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மாட்டிய நிலையில் ஒரு முறை, கழற்றி டிரெய்லரை மட்டும் மேடையில் விட்டு ஒரு முறை எடை போட்டால், டிரெய்லரின் முழு எடையும் டங் வெயிட்டும் அச்சிட்ட சீட்டாகக் கைக்கு வந்துவிடும். அந்த முழு எடையோடு மேலே சொன்ன சாமான் கணக்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.