கொங்குச் சமவெளியில் வால்நட் மரம் காய்க்குமா?

கேள்வி: கோபிப் பக்கம் தோட்டத்தில் இடம் இருக்கிறது. ஓட்டோடு வாங்கிய வால்நட்டை ஃபிரிட்ஜில் வைத்தால் முளைக்கும் என்கிறார்கள். அப்படி வைத்துக் காய்க்க வைக்க முடியுமா? எப்படிப் பராமரிப்பது?

முளைக்குமுங்க. ஓரிரு வருடம் நன்றாகவும் வளரும். ஆனால் கோபி, ஈரோடு, திருப்பூர், கோவைச் சமவெளியில் காய்க்காது. விதையிலிருந்து வரும் மரம் காய்ப்புக்கு வரக் குளிர்நாட்டிலேயே எட்டுப் பத்து வருடம் பிடிக்கும். அத்தனை வருடம் தண்ணீர் விட்டபின் தெரிந்தால் மனசு விட்டுப்போகும், அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

குழப்பமே அந்த ஃபிரிட்ஜில்தான். விதை கேட்கும் குளிர் வேறு, மரம் கேட்கும் குளிர் வேறு. விதைக்குள் உறங்கும் முளையை எழுப்ப ஒரே ஒரு தடவை, 2 முதல் 5 டிகிரியில் மூன்று மாதம் போதும். வளர்ந்த மரத்துக்கு அப்படியில்லை. வருடா வருடம் இலை உதிர்த்து உறங்கும் காலத்தில், கிளையிலுள்ள மொட்டுகள் 7 டிகிரிக்குக் கீழே பெரும்பாலான ரகங்களில் 700 முதல் 1000 மணி நேரம் இருந்தாக வேண்டும். மார்கழியில் நாம் போர்வை தேடுகிற விடியற்காலையில்கூட இங்கே 16, 18 டிகிரி இருக்கும். வேரில் ஐஸ் கட்டி கொட்டினாலும் பயனில்லை. குளிர் மொட்டில் படவேண்டும்.

அந்தக் குளிர் கிடைக்காத மரத்தைப் பார்த்தாலே தெரியும். இலை முழுசாக உதிராமல் ஓரம் கருகித் தொங்கும். மாசி, பங்குனியில் கிளை நுனி மொட்டு மட்டும் விரியும். அதற்குக் கீழே ஓரடிக்கு வெறுங்குச்சி. சித்திரை வெயிலில் அந்தத் துளிரும் வதங்கி, நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். வால்நட்டின் பெண் பூ அந்த வருடத் துளிரின் நுனியில்தான் வரும். துளிரே தேறாதபோது பூவுக்கு வழியில்லை. உரம் கூட்டிப் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறையும் இதற்குப் போதாது. அங்கே இரவில் 7 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். மிச்சம் இருப்பது நீலகிரி உச்சிதான். ஊட்டி 2240 மீட்டர் உயரம், மார்கழி தையில் உறைபனி கொட்டும். அங்கும் பகலில் வெயில் ஏறிவிடும். இரவுக்கு ஆறு மணி நேரம் என்று 60 இரவைக் கணக்குப் போட்டால் 360 மணி நேரம். ஆகவே குளிர்த் தேவை குறைந்த ரகமாகப் பார்த்து, சோதனையாக இரண்டு மரம் வைக்கலாம். தோப்பாக வைக்க வேண்டாம்.

அப்படி மலையில் வைப்பவர்கள் ஒட்டுக்கன்றுதான் வாங்க வேண்டும். நான்கைந்து வருடத்தில் காய்ப்புக்கு வரும், ரகமும் உறுதி. ஸ்ரீநகரிலுள்ள மத்திய மிதவெப்பத் தோட்டக்கலை நிறுவனம் வால்நட் ரகங்கள் வெளியிட்டிருக்கிறது. தேவைப்படும் குளிர் நேரத்தைக் கேட்டுவிட்டே வாங்குங்கள். இரண்டு மரம் என்றால் இரண்டும் வேறு ரகமாக இருக்கட்டும். ஒரே மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் வந்தாலும் பெரும்பாலும் ஒரே சமயத்தில் பக்குவமாகாது. மகரந்தம் காற்றில்தான் பரவும்.

குழி மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம் 20 கிலோ, வேப்பம்புண்ணாக்கு ஒரு கிலோ. நீலகிரி மண் புளிப்பு மண், வால்நட் கேட்பதோ 6 முதல் 7.5 வரை பி.எச். (மண்ணின் புளிப்பைக் காட்டும் அளவு; எண் குறைந்தால் புளிப்பு கூடுதல்). அதனால் மண் பரிசோதனை செய்து, அதில் வரும் அளவுக்கு டோலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) கலக்க வேண்டும்.  மலையில் குளிர் ஓரளவு உண்டு, மண்தான் அப்படியே ஒத்துவராது. ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே அரையடியாவது நிற்கட்டும். மரத்துக்கு மரம் 30 அடிக்குக் குறையக் கூடாது. அடிமரத்தை ஒட்டித் தண்ணீர் நின்றால் தூர் அழுகி, நன்றாயிருந்த மரம் ஒரே பருவத்தில் மஞ்சளாகிப் போய்விடும். சரிவில் மேட்டுப் பக்கம் ஒரு வடிகால் எடுத்துவிடுங்கள். கவாத்தை, அதாவது கிளை வெட்டுவதை, குளிர்காலக் கடைசியில் செய்தால் வெட்டிய இடத்தில் சாறு ஒழுகிக்கொண்டே இருக்கும். மழை விட்ட நாட்களில், இலை இருக்கும்போதே செய்வது நல்லது.

பலன் வேண்டாம், சமவெளியில் ஒரு கன்று முளைத்து வருவதைப் பார்த்தால் போதும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். காஷ்மீரில் செப்டம்பரில் அறுவடை. ஐப்பசி வாக்கில் வரும் புது வரத்தில் ஓட்டோடு பத்துக் காய் வாங்குங்கள். பழைய சரக்கும், சூடேற்றி உலர்த்தியதும் முளைக்காது. மூன்று நாள் ஊற வைத்து, தினமும் தண்ணீர் மாற்றுங்கள். பிறகு ஈரத் தென்னை நார்க்கழிவில் புதைத்துப் பையில் கட்டி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃபிரீசரில் அல்ல. நார்க்கழிவைக் கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் ஈரம் போதும். ஒழுகினால் காய் அழுகும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறந்து பார்த்து, பூஞ்சை பிடித்ததைக் கழுவி வையுங்கள்.

தையில் எடுத்து நடும்போது, ஓட்டின் இரண்டு பாதியும் சேரும் அந்தத் தையல்கோடு மேலும் கீழுமாக நிற்கும்படி காயைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மேலே இரண்டு அங்குல மண். ஆணிவேர் முதல் வருடமே ஓரடிக்கு மேல் இறங்குவதால், சின்னப் பையில் வைத்தால் வேர் சுருண்டுகொள்ளும். நாலு அங்குலப் பி.வி.சி. குழாயை ஒன்றரை அடி நீளத்துக்கு அறுத்து அதில் நடலாம். எலி, அணில், மயில் மூன்றும் தோண்டும், கம்பிவலை கட்டாயம். பங்குனியிலிருந்து மதிய வெயிலுக்கு நிழல்வலை வேண்டும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை நுனி கருகும். மழைநீர் பிடித்து ஊற்றுங்கள்.

இன்னொன்று முக்கியம். நாட்டு அக்ரோட்டு என்று விற்கும் கன்றை வால்நட் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். அது வேறு மரம், குளிர் கேட்காது, இங்கே நன்றாக வளரும். ஆனால் அதன் பருப்பைப் பச்சையாகத் தின்றால் வாந்தியும் பேதியும் பிடுங்கி எடுக்கும். வித்தியாசம் இலையிலேயே தெரியும். வால்நட்டுக்கு ஒரே காம்பில் ஐந்து முதல் ஒன்பது சிற்றிலை இருக்கும், கசக்கினால் நல்ல வாசம் வீசும். நாட்டு அக்ரோட்டுக்குத் தனி இலை, பெரும்பாலும் மடல் மடலாக. இளந்துளிரில் மாவு தூவியதுபோல வெள்ளை படிந்திருக்கும்.