நோயாளிகளையே ஒன்றாக உட்கார வைத்தால் தங்கைக்கு இன்னும் கெட்டுப்போகாதா?

கேள்வி: சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிறோம். 34 வயதுத் தங்கைக்கு மனச்சிதைவு. ஒன்றரை வருடமாக மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் காலை பத்து மணி வரை படுக்கை. குளிக்கச் சொன்னால் சண்டை, சமையல்கட்டுப் பக்கமே வருவதில்லை. வாரம் ஒருநாள் பெண்களுக்கான குழு சிகிச்சைக்கு அனுப்பச் சொல்கிறார் டாக்டர். அனுப்பலாமா?

பதில்: தாராளமாக அனுப்புங்கள். குரல் அடங்கிவிட்ட இந்த நிலைதான் அதற்குச் சரியான நேரம். சந்தேகமும் குரலும் உச்சத்தில் இருக்கும்போதோ, இரவெல்லாம் தூக்கமில்லாமல் பேசிக்கொண்டே இருக்கும்போதோ அனுப்பினால்தான் அவருக்கும் கஷ்டம், குழுவுக்கும் கஷ்டம்.

மாத்திரை குரலை அடக்கும். எழுந்து குளிக்கும் ஊக்கத்தைப் பெரும்பாலும் அது தருவதில்லை. அந்த ஊக்கக்குறைவும் நோயின் ஒரு பகுதிதான், சோம்பல் அல்ல. பத்து மணித் தூக்கத்துக்கு இரவு மாத்திரையின் மயக்கமும் காரணமாக இருக்கலாம். அதை இன்னும் முன்னதாகக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். குழுவும் பதினொரு மணிக்கு மேல் இருந்தால் நல்லது. காலை ஒன்பதரைக் குழு என்றால் மூன்றாவது வாரமே நின்றுவிடுவார்.

உள்ளே என்ன நடக்கும்? ஆறு முதல் பத்துப் பெண்கள், ஒரு மணி நேரம், அதிகம் போனால் ஒன்றரை. போன வாரம் எடுத்துக்கொண்ட வேலை என்ன ஆயிற்று என்று முதலில் ஒவ்வொருவரும் சொல்வார்கள். பிறகு ஒரே ஒரு திறன்: கடையில் மீதிச் சில்லறை கேட்பது, 'ஏன் இன்னும் கல்யாணம் ஆகலை' என்று விசாரிக்கும் பக்கத்து வீட்டம்மாவுக்குப் பதில் சொல்வது, இப்படி. அதை நடித்தே பார்ப்பார்கள். கடைசியில் வீட்டுக்கு ஒரு வேலை. நீங்கள் 'குளி' என்றால் அது அதட்டல். அதே மாத்திரை சாப்பிடும் இன்னொரு பெண் 'எனக்குத் தலைக்கு ஊத்திக்கத்தான் மலைப்பா இருக்கும், அதனால உடம்புக்கு மட்டும் ஊத்திக்குவேன்' என்று சொன்னால் அது ஒரு வழி. நடத்துபவரே முக்கால் மணி நேரம் அறிவுரை சொல்லும் குழுவாக இருந்தால் வேறு குழு தேடுங்கள்.

மாதவிடாய் பற்றிய பேச்சும் இங்கேதான் வெளியே வரும். ரிஸ்பெரிடோன் போன்ற சில மாத்திரைகள் புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டுவதால் மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும் போகும். ஆண் டாக்டரிடம் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையை ரகசியமாக நிறுத்துகிறவர்கள் உண்டு. (மாதவிடாய் நின்றால் கர்ப்பம் தரிக்காது என்று நினைப்பதும் தப்பு.) ஓலன்சபின் என்ற மாத்திரை எடையை ஏற்றும். இரண்டையும் டாக்டரிடம் சொன்னால் மருந்தையோ அளவையோ மாற்ற வழி இருக்கிறது.

மற்றபடி பலன் தெரியும் இடம் உங்கள் சமையல்கட்டுதான். உதாரணத்துக்கு டீ போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான தவறு, முதலிலிருந்து ஆரம்பிப்பது. பால் பொங்குவதற்குள் அவர் சலித்துவிடுவார், அம்மா கரண்டியைப் பிடுங்கிக்கொள்வார். கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் வாரம் நீங்களே டீ போட்டு, வடிகட்டி டம்ளரில் ஊற்றும் வேலையை மட்டும் அவரிடம் விடுங்கள். அடுத்த வாரம் சர்க்கரையும் அவர் கணக்கு. அதற்கடுத்து டீத்தூள், பிறகு பால், அடுப்பு கடைசியில். ஒவ்வொரு நாளும் வேலை அவர் கையில்தான் முடியும், அதனால்தான் மறுநாளும் வருவார்.

பஸ்ஸும் அப்படித்தான். அஸ்தம்பட்டி வரை இரண்டு தடவை கூடவே போங்கள். மூன்றாம் தடவை அதே பஸ்ஸில் தள்ளி உட்காருங்கள். பிறகு அவர் தனியே ஏறட்டும், நீங்கள் இறங்கும் இடத்தில் நில்லுங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் சில்லறைப் பதற்றம் இல்லை. வெள்ளிக் கொலுசுப் பட்டறை வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் அது இதெல்லாம் பழகிய பிறகு. பற்றவைப்பு வேண்டாம், உட்கார்ந்து மணி கோர்க்கும் வேலையாக, அரை நாள் மட்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியது உங்கள் வாய்தான். லண்டனில் 1976-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், குறைசொல்வதும் அளவுக்கு மீறிப் பொத்திப்பொத்தி வைப்பதுமான வீடுகளுக்கு மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியது தெரிந்தது. அந்த வீட்டாரோடு வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தவர்களுக்கு இன்னும் அதிகம். குழுவுக்குப் போய்வரும் நேரம் உங்களுக்கும் மூச்சு விடுகிற இடைவெளி.

எந்த வேலையைத் தானே செய்தார், எதற்குச் சொல்ல வேண்டியிருந்தது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு மனநல மதிப்பீடு செய்யும்போது தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்ற நான்கையும் நோய் இருந்த காலத்தையும் பார்க்கிறார்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதப் பாதிப்பு தேவை. அந்த நோட்டு அங்கே உதவும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். இரவில் தற்கொலைப் பேச்சு வந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

மூன்றாவது நான்காவது வாரம் 'நான் போகலை' என்பார். வாதாடாதீர்கள். என்ன பேசினீர்கள் என்று துருவியிருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். அங்கே பேசியது அங்கேயே இருக்க வேண்டும் என்பது குழுவின் விதி. 'பேச வேண்டாம், அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வா' என்று சொல்லி அனுப்புங்கள். நடத்துபவருக்கும் அதை முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள்.