நன்றி நோட்டும் ஒரு பொம்மைப் பேருந்தும்

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. எது வாங்கிக் கொடுத்தாலும் போதாது என்கிறார்களே என்று, தினமும் உறங்கும் முன் தாங்கள் நன்றி சொல்ல நினைக்கும் மூன்று விஷயங்களை நோட்டில் எழுத இரண்டு மாதங்களாகப் பழக்கி வருகிறேன். மகள் 'சாப்பாடு, வீடு, அம்மா அப்பா' என்று ஒருநாள் எழுதிவிட்டு, மற்ற நாள்களுக்கு 'மேற்படி' என்று குறித்து வைக்கிறாள். மகன் நோட்டைக் கண்டாலே அழுகிறான். போன வாரம் அவன் தொலைத்த தண்ணீர் பாட்டிலைப் பள்ளி வேன் ஓட்டும் அண்ணாச்சி தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்குத் தன் பொம்மைப் பேருந்தைக் கொடுக்கப் போவதாக அடம்பிடித்தவனை, 'தேங்க்ஸ் சொன்னால் போதும்' என்று அடக்கிவிட்டேன். 'வீட்டுக்குள் என்ன நன்றி வேண்டிக் கிடக்கிறது?' என்கிறார் என் மாமியார். நான் எங்கே தவறுகிறேன்?
– திருநெல்வேலி வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நன்றியுணர்வு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் அந்தப் பொம்மைப் பேருந்துதான். பிரான்சிஸ்கா பௌம்கார்ட்டன்-டிராமர் என்ற உளவியலாளர், நன்றி என்பது பிள்ளைகளிடம் வயதுக்கேற்ப எப்படி வெளிப்படுகிறது என்பதை 1938-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வெறும் சொல்லாகச் சொல்லப்படும் நன்றி ஒரு வகை என்றும், தனக்குப் பிரியமான பொருளையே எடுத்துக் கொடுக்க முற்படும் நன்றி வேறொரு வகை என்றும் அவர் பிரித்துக் காட்டினார். நாற்பது வயது ஓட்டுநருக்குப் பொம்மைப் பேருந்து எதற்கு என்று ஆறு வயதுப் பிள்ளை யோசிப்பதில்லை. தனக்கு உயர்வானது அவருக்கும் உயர்வாகத்தான் இருக்கும் என்று நம்புகிறது. நீங்கள் நோட்டின் வழியாக இரண்டு மாதங்களாகத் தேடிய உணர்வு, நோட்டுக்கு வெளியே தானாக வந்து நின்றிருக்கிறது.

உங்கள் மாமியார் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். நம் வீடுகளில் தோசை வார்த்துப் போடும் அம்மாவிடம் 'நன்றி' என்று சொன்னால், பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று அவர் திரும்பிப் பார்ப்பார். திருக்குறளின் பதினோராம் அதிகாரத்தின் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. அங்கே நன்றி என்றால் பிறர் செய்த நன்மை. அதை அறிவதைத்தான் அந்த அதிகாரம் பேசுகிறது. நாம் இன்று வாயால் சொல்லும் மரியாதைச் சொல்லாக அதைச் சுருக்கிவிட்டதால், பிள்ளைகளுக்குச் சொல்லக் கற்றுக்கொடுக்கிறோம், அறியக் கற்றுக்கொடுப்பதில்லை. 'மேற்படி' என்று எழுதும் உங்கள் மகள் சோம்பேறி அல்லள். சாப்பாடும் வீடும் நேற்றுப் போலவே இன்றும் இருக்கின்றன என்பதை அவள் நேர்மையாகப் பதிவு செய்திருக்கிறாள், அவ்வளவே.

அந்த அதிகாரத்தின் முதல் மூன்று குறள்களையும் அவளோடு உட்கார்ந்து படித்துப் பாருங்கள். நாம் முன்பு எதுவும் செய்யாதிருந்தும் ஒருவர் செய்த உதவி, தக்க காலத்தில் செய்த உதவி, என்ன திரும்பக் கிடைக்கும் என்று எடை போடாமல் செய்த உதவி என ஒவ்வொரு குறளும் உதவியின் ஒவ்வொரு தன்மையை எடுத்து நிறுத்துகிறது. அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரோவும் அவருடைய குழுவினரும் தொடக்கப்பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இந்த வழியில்தான் செல்கிறது. ஒருவர் உதவும்போது அதை அவர் வேண்டுமென்றே செய்தாரா, அதற்காக அவர் எதை இழந்தார், அதனால் நமக்கு என்ன பயன் கிடைத்தது என்று எண்ணிப் பார்க்கப் பயிற்சி பெற்ற பிள்ளைகளிடம் நன்றியுணர்வு கூடியதாகவும், அவர்கள் நன்றி அட்டைகளைக் கூடுதலாக எழுதியதாகவும் அதில் கண்டார்கள்.

ஆகவே 'இன்று எதற்கு நன்றி?' என்ற கேள்வியை விட்டுவிட்டு, இரவு உணவின்போது, 'இன்று உனக்காக யார் என்ன செய்தார்கள்?' என்று கேளுங்கள். 'தோழி பென்சில் கொடுத்தாள்' என்று மகள் சொன்னால், 'அவளிடம் இன்னொன்று இருந்ததா?' என்று கேட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். இருந்த ஒன்றையே கொடுத்துவிட்டு அந்தப் பெண் என்ன செய்தாள் என்பதை உங்கள் மகளே யோசிக்கத் தொடங்குவாள். ஆனால் முதலில் பேச வேண்டியவர்கள் பெரியவர்கள். 'பேருந்தில் இன்று ஒரு பாட்டி நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார். அவருக்கே முழங்கால் வலி' என்று நீங்களோ உங்கள் கணவரோ சொல்லிக் கேட்காத பிள்ளைகள், தாங்களாக இப்படிப் பேச மாட்டார்கள். உங்கள் மாமியாரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் இத்தகைய கதைகள் நிறைய இருக்கும்.

நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை என்று ஆக்கிவிடுங்கள். சோன்யா லியுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளர் மாணவர்களைக் கொண்டு ஆறு வாரங்கள் நடத்திய ஆய்வில், வாரம் ஒருமுறை எழுதியவர்களின் மகிழ்ச்சி கூடியது. வாரம் மும்முறை எழுதியவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. அவர்கள் உங்கள் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள் என்றாலும், அலுத்துப்போனால் எழுதுவது சடங்காகிவிடும் என்பதை உங்கள் மகளின் 'மேற்படி'யே காட்டுகிறது. தினமும் பேசுவதும், சனிக்கிழமையில் ஒரே ஒரு நிகழ்ச்சியை நான்கைந்து வரிகளில் விரிவாக எழுதுவதும் போதும். மகன் படம் வரையட்டும்.

'உனக்காக நாங்கள் எவ்வளவு செய்கிறோம்' என்பதையும், 'சோற்றுக்கே வழியில்லாத பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா' என்பதையும் இந்த நேரத்தில் அறவே தவிர்த்துவிடுங்கள். முதலாவது, அன்பைக் கடன் பத்திரமாக்குகிறது. இரண்டாவது, பிறருடைய வறுமையை நம் பிள்ளையின் திருப்திக்குத் தொட்டுக்கொள்ள வைக்கிறது. எனக்கு அது எப்போதுமே அருவருப்பாகப் பட்டிருக்கிறது. பிள்ளைக்கு மனம் கசந்த நாளில், 'இன்று எனக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை' என்ற பதிலையும் கேட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தொடருங்கள். உறவினர் தந்த பரிசுக்காக அவரைக் கட்டிப்பிடிக்கவோ முத்தமிடவோ பிள்ளைகளை ஒருபோதும் வற்புறுத்தக் கூடாது.

இன்னொன்று மீதமிருக்கிறது. நாளைக் காலையில் மகனிடம், 'அன்று அம்மா அவசரப்பட்டுவிட்டேன்' என்று சொல்லி, அந்தப் பேருந்தை இப்போதும் கொடுக்க விரும்புகிறானா என்று கேளுங்கள். ஒருவேளை மனம் மாறி, படம் வரைந்து தருகிறேன் என்றால் அதுவும் சரி. பேருந்துதான் என்றால், அண்ணாச்சியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். 'இதெல்லாம் எதுக்கு தம்பி' என்று அவர் கையோடு திருப்பிக் கொடுத்துவிடாமல், ஒருநாளாவது வேனின் முன்கண்ணாடி அருகே அதை நிறுத்தி வைத்திருக்கட்டும்.